எண்ணும் பெயரும் ஏவலும்

விருத்தாசலத்துப் பழமலைநாதர் திருக்கோயிலில், வேறு சிவாலயங்களில் காண்பதற்கு அரிதான ஆகமக் கோயில் என்றொரு சந்நிதி உண்டு. காமிகம் முதல் வாதுளம் ஈறாக உள்ள 28 சைவ ஆகமங்களையும் முருகப்பெருமான் 28 லிங்கங்களாக ஸ்தாபித்துப் பூஜித்தார் என்பது ஸ்தல ஐதிகம். ஒவ்வொரு லிங்கமும் ஓர் ஆகமத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரிசையாக அவற்றைச் சேவித்துக்கொண்டு செல்லும் பக்தன் ஒரு கணம் நின்று சிந்திப்பானாகில், காமிகத்தின் பெயர் பூண்ட லிங்கத்துக்கும் யோகஜத்தின் பெயர் பூண்ட லிங்கத்துக்கும் தன் கண்ணுக்குப் புலப்படும் பேதம் அதிகமில்லை என்பதையும், பேதமெல்லாம் பெயரிலேயே குடிகொண்டிருக்கிறது என்பதையும் உணர்வான். அப்படியானால் அந்தப் பெயர் எங்கே ஒட்டியிருக்கிறது? கல்லிலா, வரிசை முறையிலா, ஸ்தாபித்தவரின் சங்கல்பத்திலா, அர்ச்சிப்பவர் நாவிலா? பெயருக்கும் பெயருடைய பொருளுக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது என்னும் இவ்வழக்கை நம் தத்துவ ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக விசாரித்திருக்கிறார்கள். இன்னும் தீர்ப்பு எழுதி முடிக்கவில்லை.

அதே வழக்கு, சாஸ்திரம் கற்றோர் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், ஆபத்துக்கு உதவ விரையும் வண்டிகளின் வானொலிப் பேச்சில், நம் காலத்தில் மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. தீயணைப்பு வண்டியானாலும், ஆம்புலன்ஸ் ஆனாலும், போலீஸாரின் ரோந்து வண்டியானாலும், கட்டுப்பாட்டு அறை அதைக் கூப்பிடுவதற்கென்று ஓர் அழைப்புப் பெயர் உண்டு. இன்ன நிலையத்து முதல் வண்டி, இன்ன சரகத்து ரோந்து வண்டி என்பது போல, இடத்தையும் வேலையையும் சேர்த்துச் சுட்டும் பெயர் அது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸார் தம் வண்டிகளுக்கு வானொலி வழியே ஆணையிடத் தொடங்கியபோது, வண்டியில் இருந்தோரால் கேட்க மட்டுமே முடிந்தது. திருப்பிப் பேசும் கருவி அவர்களிடம் இல்லை. பின்னர் இருபுறமும் பேச வழி பிறந்தது. இன்றோ, அமெரிக்காவில் 1989இல் தொடங்கி வகுக்கப்பட்ட ப்ராஜெக்ட் 25 என்னும் முறையிலும், ஐரோப்பாவில் பிறந்து பல தேசங்களில் பரவிய டெட்ரா என்னும் முறையிலும், பேசுபவர் பொத்தானை அழுத்திய அக்கணமே, அவருடைய குரலோடு கூட அந்தக் கருவிக்கே உரிய ஓர் எண்ணும் ஆகாயத்தில் சென்றுவிடுகிறது. 24 இரும இலக்கங்களால் ஆன அந்த எண்ணில் 1,67,77,216 வெவ்வேறு அடையாளங்களுக்கு இடமுண்டு. பேசுபவர் அதை உச்சரிப்பதில்லை; பெரும்பாலும் நினைப்பதும் இல்லை. ஆனால் ஸ்கேனர் எனப்படும், அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துருவிக் கேட்கும் பெட்டியை வைத்திருப்பவன், காதில் பெயரையும் கண்ணெதிரே சிறு திரையில் எண்ணையும் ஏககாலத்தில் பெறுகிறான். எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. பல மாதங்கள் பொறுமையோடு கேட்டுக் கேட்டு, ஓர் ஏட்டில் இரண்டு பத்திகள் வகுத்து, எண்ணையும் பெயரையும் அவனே இணைத்து எழுதிக்கொள்கிறான்.

இது நம் தேசத்தில் வளர்ந்த பழக்கம் அன்று. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், உரிமம் இன்றிக் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933ஆம் ஆண்டின் சட்டமும், அவற்றின் ஸ்தானத்தில் அமர்வதற்காக 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும், பிறர் பேச்சை அநுமதியின்றி இடைமறித்துக் கேட்பதற்கு இங்கே இடம் வைக்கவில்லை. அமெரிக்காவிலோ, 1986இல் இயற்றப்பட்ட மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம், பொதுமக்கள் எளிதில் கேட்கத்தக்க வகையில் செல்லும் போலீஸ், தீயணைப்புப் பேச்சுகளைக் கேட்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்தது. அதனால் அங்கே இந்த ஏடு எழுதும் கலை ஒரு வித்தையாகவே வளர்ந்திருக்கிறது. செய்யத்தகாத காரியத்தைச் செய்யச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த ஏட்டின் இரண்டு பத்திகளுக்கும் இடையே கேட்பவன் இழுக்கும் கோடு எதைச் சாதிக்கிறது என்பதே என் கேள்வி. இந்த எண்தான் அந்த வண்டி என்று அவன் எழுதும்போது அந்த 'தான்' என்னும் தேற்றம் எங்கிருந்து பிறக்கிறது?

எண் கருவிக்கு உரியது. கருவியை ஒரு வண்டியிலிருந்து கழற்றி மற்றொரு வண்டியில் பொருத்தினால் எண்ணும் கூடவே போகும். அழைப்புப் பெயரோ வேலைக்கு உரியது. முறையான வண்டி பட்டறைக்குப் போய், அதற்குப் பதிலாக வேறொரு வண்டி வந்து அதன் கொட்டிலில் நின்றால், அன்றைக்கு அந்தப் பெயர் புது வண்டியைச் சேர்ந்துவிடும். எண் மட்டும் வேறாக ஒலிக்கும். வண்டியில் பொருத்திய கருவிக்கு ஓர் எண்ணும், அதிலிருந்து இறங்கி நெருப்பை நோக்கி ஓடுபவரின் கையில் இருக்கும் வாக்கி டாக்கிக்கு வேறோர் எண்ணும் இருப்பதால், ஒரே பெயருக்கு இரண்டு மூன்று எண்கள் சேர்வதும் உண்டு. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலாளர் இந்த பேதத்தை விளக்கமின்றியே அறிவர். ஒருமுறை சுட்ட களிமண்மேல் முத்திரையிட்டு, அதன்மேல் மெருகு பூசி, மறுபடியும் சூளையிலிட்டால், முத்திரையும் பாத்திரமும் ஒரே உடம்பாகிவிடுகின்றன, பாத்திரம் உடைந்தாலன்றி முத்திரை நீங்காது. மெருகேறிய பிறகு மேலே தீட்டிய எழுத்தோ, தேய்க்கத் தேய்க்க மங்கி மறையும், வேண்டுமானால் வேறெழுத்தும் தீட்டிக்கொள்ளலாம். எண் அந்த உள்முத்திரை. அழைப்புப் பெயர் மேலெழுத்து.

ஆனால் இந்த உவமையை அதற்குரிய எல்லையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே பதிந்தது உயர்ந்தது, மேலே தீட்டியது தாழ்ந்தது என்று கொண்டால் விஷயம் தலைகீழாகிவிடும். நம் மாநிலத்தில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் நாம் அழைப்பது ஓர் எண்ணை. ஆனால் அந்த எண் ஜனங்களின் நாவில் எண்ணாக இல்லை, 'நூத்தியெட்டு' என்பது பெயராகவே ஆகிவிட்டது. தெய்வத்தின் நாமாவளிக்கு உரிய அந்த எண்ணே ஆபத்பாந்தவனின் பெயராக அமைந்தது எனக்கு எப்போதும் நெஞ்சை நெகிழ்விக்கும் சேர்க்கை. அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செல்கிறது. அங்கிருந்து அருகிலுள்ள வண்டிக்கு ஆணை பிறக்கிறது. விருத்தாசலம் வண்டி கடலூருக்குப் போயிருக்கிறது, வேப்பூர் வண்டி வருகிறது என்கிறார்கள். வண்டியின் பதிவெண்ணை அப்போது யார் கேட்கிறார்? வரும் வண்டி ஊர்ப்பெயரால் வருகிறது. அந்த ஊர்ப்பெயருக்குப் பின்னால் நிற்கும் இரும்பு உடம்பு எதுவாயினும் நமக்கு ஆட்சேபம் இல்லை. எனவே வேலைக்கு இட்ட பெயர் மேலெழுத்தே ஆயினும், துன்பத்தில் இருப்பவனுக்குப் பயன்படுவது அதுவே. எண்ணின் உபயோகம் கணக்கெழுதுபவனுக்கு.

இனி, கேட்பவன் இணைக்கும் முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இவ்விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மீமாம்ஸகர்கள் குழந்தை மொழி கற்கும் விதத்தை ஆராய்ந்தபோது, அகராதியும் ஆசானும் இல்லாத நிலையில் சொல்லின் பொருள் எப்படி விளங்குகிறது என்று கேட்டு, அதற்கு விருத்த வியவகாரம், அதாவது பெரியோர் தமக்குள் நடத்தும் பேச்சும் செயலும், என்று விடை கூறினார்கள். ஒரு முதியவர் இளையவர் ஒருவரைப் பார்த்துப் பசுவைக் கொண்டுவரச் சொல்கிறார். அவர் போய் ஒரு மிருகத்தை ஓட்டிவருகிறார். பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் யாரும் பேசவில்லை. அது கேட்டது ஓர் ஒலித்தொடர், கண்டது ஒரு செயல். ஒலிக்கும் செயலுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று மட்டும் அது ஊகிக்கிறது. எந்தச் சொல் மிருகத்தைக் குறித்தது, எது கொண்டுவருதலைக் குறித்தது என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. பின்னொரு நாள் அதே முதியவர் பசுவைக் கட்டவும் குதிரையைக் கொண்டுவரவும் சொல்கிறார். ஒரு சொல் புகுந்து ஒரு சொல் நீங்கியதும், செயலிலும் ஒன்று புகுந்து ஒன்று நீங்குகிறது. இந்தப் புகுதலையும் நீங்குதலையும் அவர்கள் ஆவாபம், உத்வாபம் என்றார்கள். ஒன்று உள்ள இடத்தில் மற்றது இருத்தலும், ஒன்று இல்லாத இடத்தில் மற்றது இல்லாதொழிதலும் ஆகிய அன்வய வியதிரேகத்தைப் பலமுறை கண்ட பின்பே, இச்சொல்லுக்கு இதுவே பொருள் என்னும் நிச்சயம் குழந்தைக்கு உண்டாகிறது.

ஸ்கேனரை வைத்திருப்பவனின் நிலை இதனினும் வேறன்று. கட்டுப்பாட்டு அறை ஒரு பெயரைச் சொல்லி இன்ன தெருவில் நெருப்பு என்கிறது. உடனே ஒரு குரல் விடையளிக்கிறது. திரையில் ஓர் எண் தோன்றுகிறது. ஒருமுறை கேட்டது போதாது. அழைக்கப்பட்டவர் பேசுமுன் வேறொருவர் இடையிட்டிருக்கலாம். கட்டுப்பாட்டு அறையின் எண்ணே திரையில் நின்றிருக்கலாம். முன் பேசியவரின் எண் மறையாமல் தங்கியிருக்கலாம். சிறிது நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து, தன் பெயரைத் தானே சொல்லி, இடத்தை அடைந்துவிட்டதாக ஒரு குரல் வருமானால் ஊகம் வலுப்பெறும். அந்தப் பெயருடைய வண்டி ஓய்வில் இருக்கும் நாளில் அந்த எண்ணும் மௌனமாக இருக்குமானால் இன்னும் வலுப்பெறும். எண்களை வரிசையாக வழங்குவது பல ஊர்களின் வழக்கமாதலால், முதல் வண்டிக்கு ஓர் எண் தெரிந்தவுடன் இரண்டாம் வண்டிக்கு அடுத்த எண்ணை எழுதிவிடலாமே என்னும் ஆசை எழும். விவேகமுள்ளவன் அந்த ஆசைக்கு இணங்கமாட்டான். வரிசையைக் கொண்டு செய்வது அநுமானம். அதைக் காதால் கேட்டதாக எழுதுவது பிரமாணத்தின் ஜாதியையே மாற்றிவிடும் அதர்மம். இதில் தேர்ந்தவர்கள் ஊகித்ததை ஒரு குறியோடும், கேட்டு உறுதி செய்ததைக் குறியில்லாமலும் எழுதுவார்கள். எழுதுகிற விஷயம் எவ்வளவு சிறியதாயினும், அறிந்ததற்கும் எண்ணியதற்கும் இடையே வேலி போடும் அந்த ஒழுக்கத்தை நான் மனமார மதிக்கிறேன்.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் இயற்கையானது, ஒருவரால் உண்டாக்கப்பட்டதன்று என்பது மீமாம்ஸகர் கொள்கை. அது சங்கேதத்தால், ஒருவர் வகுத்த ஏற்பாட்டால், உண்டானது என்பது நையாயிகர் கொள்கை. அழைப்புப் பெயர்களைப் பொறுத்தவரை நையாயிகரே வெல்வர் என்பதில் ஐயமில்லை. ஓர் அதிகாரியின் உத்தரவில் பிறந்து மற்றோர் உத்தரவில் அவை மடிகின்றன. ஆனால் பிறப்பு எப்படியாயினும், அவை கேட்பவனுக்கு விளங்கும் வழி மீமாம்ஸகர் காட்டிய வழியே. ஒரு தர்சனத்தில் ஒரு பாதியும் மற்றொன்றில் மறு பாதியும் உண்மையாக இருப்பதை ஒப்புக்கொள்வதால் எந்த ஆசிரியருக்கும் இழுக்கு வந்துவிடாது.

இனி நிச்சயத்தைப் பற்றிய விசாரம். மீமாம்ஸகருள் குமாரிலர் வழியினர், ஞானம் தானாகவே பிரமாணம் ஆகும், பின்னால் அதைத் தள்ளும் வேறொரு ஞானம் தோன்றும்வரை அதை நம்பலாம் என்றார்கள். நையாயிகர் அதை ஏற்கவில்லை; தண்ணீர் என்று எண்ணிச் சென்றவன் குடித்துத் தாகம் தீர்ந்த பின்பே அது தண்ணீர் என்னும் அறிவு நிலைபெறும், செயல் பலிப்பதே சான்று என்றார்கள். இந்த இரண்டு மனப்பான்மைகளையும் ஒருங்கே காட்டும் சரிதம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூரில் சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அவன் ஆணைப்படி அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் எனச் சேக்கிழார் பாடுகிறார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பழமொழியை இன்று நாம் அறிவீனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். நாயனார் வரலாற்றிலோ அது விசுவாசத்தின் உச்சம். எனினும், அந்த விசுவாசத்தின் நடுவிலேயே அவர் ஒரு காரியம் செய்தார். பொன்னை ஆற்றில் விடுமுன் அதிலிருந்து ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் பொன் கிடைத்ததும் அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, மறுபடியும் பாடி, மாற்றுச் சமமான பின்பே அமைதியுற்றார். கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் அந்த நிகழ்ச்சிக்குச் சாட்சியாகப் போற்றப்படுகிறார்.

தந்தவன் இறைவன்; சொன்னவன் இறைவன்; ஆயினும் இந்தப் பொன் அந்தப் பொன்தானா என்று உரைத்துப் பார்க்க அடியார் தயங்கவில்லை, அவ்வாறு பார்த்ததற்காக இறைவன் கோபிக்கவும் இல்லை. தம்பிரான் தோழர் என்னும் உரிமை அதற்கு இடம் கொடுத்தது என்று பெரியோர் கூறுவர். எனக்கோ அதில் வேறொன்றும் புலப்படுகிறது. ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் தோன்றும் பொருளின் ஒருமையை நாம் நேராகக் காண்பதே இல்லை; நடுவில் ஓடிய நதி நம் கண்ணுக்குத் தெரியாது. நமக்குக் கிடைப்பது கையிலிருக்கும் ஒரு மச்சமும், எதிரே வந்த ஒரு பொருளும், இரண்டையும் உரைத்துப் பார்க்கும் ஒரு கல்லுமே. நேற்றிரவு ஒரு தீவிபத்தில் ஒலித்த எண்ணும், இன்று காலை ஒரு விபத்துக் களத்தில் ஒலிக்கும் எண்ணும் ஒன்றாயிருக்கும்போது, இடையில் அந்த வண்டி எந்தத் தெருவில் நின்றது, யார் கையில் இருந்தது என்று கேட்பவன் அறியான். எண்ணே அவனுடைய மச்சம்.

வேதாந்திகள் இதையே தேவதத்தன் என்னும் ஒருவனை வைத்து விசாரித்தார்கள். முன்பு காசியில் கண்ட அந்தத் தேவதத்தனே இவன் என்று சொல்லும்போது, அந்தக் காலமும் அந்த இடமும் இந்தக் காலத்தோடும் இந்த இடத்தோடும் ஒன்றாக மாட்டா. ஒவ்வாத அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு, எஞ்சிய மனிதனை மட்டும் கொள்கிறோம் என்றார்கள். இதற்கு எதிர்க்கரையில் நின்றவர் நாகசேனர். மிலிந்தன் என்னும் யவன அரசனிடம் பௌத்தத் துறவியாகிய அவர், நீர் வந்த தேரில் எது தேர், ஏர்க்காலா, அச்சா, சக்கரமா என்று கேட்டு, இவற்றுள் எதுவும் தேர் இல்லை, இவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று அரசனையே ஒப்புக்கொள்ளச் செய்து, நாகசேனன் என்பதும் அத்தகைய வழக்குப் பெயரே என்று முடித்தார். தீயணைப்பு வண்டியின் விஷயத்தில் அவர் வாதத்தை மறுப்பது எளிதன்று. சக்கரம் மாறுகிறது, வண்டி மாறுகிறது, கருவி மாறுகிறது. எஞ்சி நிற்பது இன்ன நிலையத்து முதல் வண்டி என்னும் வழக்கு மட்டுமே. தேவதத்தனுக்குக் கிடைத்த எச்சம் அந்த வண்டிக்குக் கிடைப்பதாகத் தெரியவில்லை.

ஆயினும் அந்த ஏட்டின் இரண்டு பத்திகளிலும் இடம் பெறாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. முறை மாறும் நேரத்தில் ஒரு குழுவினர் இறங்கி வேறு குழுவினர் ஏறிக்கொள்கிறார்கள். எண் அதே எண். பெயரும் அதே பெயர். இடத்தை அடைந்தோம் என்று சொல்லும் குரல் மட்டும் வேறு. நெடுநாள் கேட்பவன் அந்தக் குரல்களைத் தனித்தனியே இனங்கண்டுகொள்கிறான். ஒன்றில் அவசரம் இருக்கும், ஒன்றில் அநுபவத்தின் நிதானம் இருக்கும். கட்டடத்துக்குள் குழந்தை சிக்கியிருக்கிறது என்று அறிந்த இரவில் இரண்டுமே மாறிப்போகும். அவற்றுக்கு அவனிடம் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

விருத்தாசலத்துக்கு அருகே ரயில் பாதையில் வரும் பெண்ணாடம், பழைய திருப்பெண்ணாகடம், இந்த மூன்றாவதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த ஒருவரைத் தந்த ஊர். அச்சுத களப்பாளரின் புதல்வராகச் சுவேதவனப் பெருமாள் என்னும் பெயருடன் அங்கே பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரால் மெய்கண்டார் என்னும் பெயரைப் பெற்றவர், 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். உயிர் என ஒன்று உண்டா என்னும் வினாவுக்கு அதன் மூன்றாம் சூத்திரத்தில் அவர் ஏழு காரணங்களைத் தொகுத்திருக்கிறார். இதுவும் அன்று, அதுவும் அன்று என்று விலக்கி உயிர் இல்லையெனச் சொல்லும்போதே அவ்வாறு சொல்வது ஒன்று இருப்பதும், எனது உடல் என்று உடலைத் தன்னின் வேறாக்கிப் பேசுவது ஒன்று இருப்பதும், பிறர் அறிவிக்க அறிவது ஒன்று இருப்பதும் அவற்றுள் அடங்கும். 'என் வண்டி', 'என் செட்' என்று சொல்பவர் வண்டியும் அல்லர், செட்டும் அல்லர். நாகசேனர் தேரைப் பிரித்துக் காட்டியபோது தேர் எதுவும் பேசவில்லை; மெய்கண்டார் கேட்கச் சொல்வது, பிரித்துக் காட்டும்போது நான் அதுவல்லேன் என்று பேசுவதையே.

அதே பெண்ணாகடத்தில்தான் அப்பர் சுவாமிகள், சமணத்தில் கழிந்த உடம்போடு உயிர் வாழ மனம் ஒப்பாமல், சூலக்குறியும் இடபக்குறியும் தம் தோளில் பொறிக்கப்பெற வேண்டி, பெற்றார். மருள்நீக்கியார், தருமசேனர், நாவுக்கரசர், அப்பர் என ஒரே வாழ்வில் இத்தனை பெயர்களைத் தாங்கியவர், எந்தப் பெயராலும் அமைதி அடையாமல், அழியாத ஒரு குறியைக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதும் ஓர் அடையாளந்தான். ஆனால் பிறர் தம்மை இனங்காண்பதற்காக அன்று, தாம் யாருக்கு ஆள் என்பது உறுதிப்படுவதற்காக. அடையாளத்தின் பயன் அறிதலோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே குழந்தைக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவனுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பெரியோர் பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்ட குழந்தை ஒருநாள் தானும் அந்தப் பேச்சுக்குள் புகும். பசுவைக் கொண்டுவா என்று அதனிடம் சொல்வார்கள், அதுவும் போய்க் கொண்டுவரும். அதன் கல்வி அந்த நாளை நோக்கியே நடந்தது. மீமாம்ஸகராகிய பிரபாகரர் இன்னும் ஒருபடி மேலே சென்று, செய்யவேண்டிய காரியத்தோடு சேர்ந்தே சொற்கள் பொருள் தருகின்றன, ஏவலை விட்டுப் பிரிந்து தனியே நிற்கும் பொருள் சொல்லுக்கு இல்லை என்றார். ஸ்கேனரின் பக்கத்தில் இருப்பவனையோ யாரும் ஏவப்போவதில்லை. அவன் ஏட்டில் பெயர்கள் நிறைந்துகொண்டே போகின்றன. அவற்றுள் ஒன்றுக்கும் அவன் விடையளிக்கக் கடமைப்பட்டவன் அல்லன். பிறர் வீட்டு நெருப்பும், பிறர் தாயின் மூச்சுத்திணறலும் அவனுக்கு ஒரு வரிசை எண்ணை உறுதிப்படுத்தும் சந்தர்ப்பங்களாக மட்டும் ஆகிவிடக்கூடும் என்பதே இந்த வித்தையில் நான் காணும் உண்மையான அபாயம். சட்டத்துக்கு அஞ்சி அதை விடுவது ஒன்று. கேட்ட துயரத்துக்கு மனம் கொடுக்காமல் கேட்பது ஆத்மாவை மரத்துப்போகச் செய்யும் என்று அறிந்து ஜாக்கிரதையாக இருப்பது மற்றொன்று. சட்டம் அநுமதிக்கும் தேசத்தில் இருப்பவனுக்கு இரண்டாவதே அதிகம் தேவை.

கேட்பவன் விடையளிப்பவனாக மாறிய ஒரு நிகழ்ச்சி நம் தேசத்திலேயே நடந்தது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களுக்கு அரசாங்கமே அழைப்புப் பெயர் வழங்குகிறது. டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாருக்கு உரிய பெயர் வி.யு.2 ஆர்.பி.ஐ. நெடுங்காலம் அமெச்சூர் ஒலிபரப்புக்கு இடமில்லாதிருந்த அந்தமான் தீவுகளிலிருந்து ஒலிபரப்ப அநுமதி பெற்று, 2004 டிசம்பரில் அவர் குழுவினருடன் போர்ட் பிளேர் சென்றார். அங்கே அவர் பெயர் வி.யு.4 ஆர்.பி.ஐ. ஆயிற்று. ஆள் மாறவில்லை, நின்ற இடம் மாறியதால் பெயரின் நடுவே ஓர் இலக்கம் மாறியது. உலகெங்கும் உள்ள வானொலியாளர்கள் அந்த அரிய பெயரைத் தம் ஏடுகளில் பதிந்துகொள்ளப் போட்டியிட்டு அழைத்தார்கள். அது வரையில் அது முற்றிலும் ஏட்டின் விஷயம். டிசம்பர் 26 காலை, நம் கடலூர்க் கரையை அழித்த அதே ஆழிப்பேரலை அந்தத் தீவுகளையும் தாக்கிற்று. தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாட்களில், தீவிலிருக்கும் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று பெருநிலத்திலிருந்து கேட்போருக்கும் அங்கிருந்து விடை சொல்வோருக்கும் நடுவே அந்த நிலையம் பாலமாக நின்று செய்திகளைக் கடத்திற்று.

முன்தினம் வரை அந்தப் பெயரை அழைத்தவனுக்குக் கிடைத்தது ஏட்டில் ஒரு வரி. மறுதினம் அழைத்தவனுக்குக் கிடைத்தது தன் சகோதரனைப் பற்றிய செய்தி. எண்ணும் எழுத்தும் அவையே. குமாரிலரைப் பின்பற்றுவோர் இதற்குச் சமாதானம் சொல்லக்கூடும்: பெயரின் பொருள் இரு நாளும் அந்த நிலையமே, பொருளை முதலில் அறிந்த பின்பே அதைக்கொண்டு காரியம் நடக்கிறது, காரியம் மாறியதால் பொருள் மாறிவிடாது என்பார்கள். தர்க்கத்தில் அது பிழையற்ற வாதம். ஆனால் டிசம்பர் 26க்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அதில் கேட்டது, முன்பு கேட்டவர்கள் கேட்டதே என்று அவர்களால் சாதிக்க முடியுமென்று நான் நினைக்கவில்லை. இவ்விடத்தில் நான் பிரபாகரர் பக்கமே நிற்கிறேன்.